பாலக்கோட்டிலிருந்து ஒரு கேள்வி: அமைப்பும் பணமும் இல்லாமல் விலங்குகளுக்காக என்ன செய்யலாம்?

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "நான் எந்த அமைப்பிலும் இல்லை. நன்கொடை கொடுக்க வசதியில்லை, வீட்டில் பத்து நாயை வைத்துப் பார்க்கவும் முடியாது. ஆனால் மாட்டை வதைப்பதையும் நாயைக் கல்லால் அடிப்பதையும் தினமும் பார்க்கிறேன். கேட்டால் 'உனக்கென்னம்மா, வேலையைப் பாரு' என்கிறார்கள். என்னைப் போன்றவர் அன்றாட வாழ்க்கையில் விலங்குகளின் உரிமைக்காக என்ன செய்ய முடியும்?"

நிறையவே செய்யலாம். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஆடு மாடு வைத்திருப்பவர்களோடுதான் என் காலம் போனது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நம் பக்கத்தில் விலங்குக்காகப் பேசுவதில் பாதி வேலை அதை வளர்ப்பவரோடு பேசுவது; மீதிப் பாதி எழுதிக் கொடுப்பது. நடுவில் நடக்கிற கூச்சல், வீடியோ, தெருச்சண்டை இதனாலெல்லாம் மாட்டுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடைப்பதில்லை.

வளர்ப்பவரிலிருந்து ஆரம்பிப்போம். உங்களை "வேலையைப் பாரு" என்றவரைக் கொடுமைக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று மாடு, சொசைட்டியில் பால் ஊற்றுகிற கணக்கு, தீவனக் கடன், மழை பொய்த்த மானாவாரி நிலம் என்று அவருக்கு ஆயிரம் இருக்கும். படித்த ஒருவர் வந்து "ஏன் இப்படிக் கொடுமை செய்கிறீர்கள்" என்று கேட்டால், தன்னைப் பாவி என்கிறார்கள் என்றுதான் அவர் காதில் விழும். "ண்ணா, மாடு நாக்கைத் தள்ளுதே, எங்க வீட்டுத் தொட்டியில தண்ணி இருக்கு, காட்டிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். அடுத்த வாரம் அதே ஆளிடம் மூக்கணாங்கயிறு அறுத்த புண்ணைப் பற்றியும் பேசலாம். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் தெலுங்கிலோ கன்னடத்திலோ நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது. அங்கே மாட்டோடு பேசுகிற மொழியும் பல வீட்டில் அதுதான்.

பேசும்போது கையில் ஏதாவது உருப்படியான விஷயம் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு, பாரம் இழுக்கும் மாடுகளுக்கென்று 1965இலேயே மத்திய அரசின் விதி இருக்கிறது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவெளி விடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலைக்கே விடக்கூடாது. ஆணி வைத்த தார்க்குச்சிக்கும் தடை. சித்திரை வெயிலில் தர்மபுரியில் 37ஐத் தாண்டும் நாட்கள் உண்டு, ஆகவே இந்த விதி நமக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. பொதி சுமக்கும் கழுதைக்கு 50 கிலோதான் வரம்பு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போகும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். தேர்தல் முடிந்த பிறகும் ரேஷன் அரிசியும் சிமெண்டும் அதே முதுகில்தான் ஏறுகின்றன. மலைக்குச் சாலை கேட்டு மனு போடுவதும் கழுதைக்காகப் பேசுவதுதான் என்பேன்.

பலர் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று உண்டு. கலப்பின மாடு காளைக் கன்று போட்டால் அதற்கு இந்த ஊரில் வேலை கிடையாது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பால் விலை போகிற விலையில் கன்றுக்குப் பாலை விட யாருக்கும் மனசு வருவதில்லை. பட்டினியில் செத்துப் போகிறது, இல்லையென்றால் சந்தைக்குப் போகிறது. இதில் தத்துவம் பேசிப் பயனில்லை. பெரும்பாலும் கிடேரியே, அதாவது பெண் கன்றே, பிறக்கும்படி பிரித்தெடுத்த விந்தில் சினை ஊசி இப்போது வந்திருக்கிறது. பத்தில் ஒன்பது கிடேரியாக இருக்கும். ஊட்டியில் அரசே தயாரிக்கிறது. "அடுத்த தடவை மாடு பருவத்துக்கு வரும்போது கால்நடை மருந்தகத்தில் இந்த ஊசி இருக்கா என்று கேளுங்கள்" என்று நாலு வீட்டில் சொன்னீர்கள் என்றால், பட்டினி கிடக்கப் பிறக்கும் கன்றுகளின் எண்ணிக்கை குறையும். வாசகம் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது நடக்காது.

சந்தைக்கு வருவோம். குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமை, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை, நல்லம்பள்ளி செவ்வாய்க்கிழமை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை வேடிக்கை பார்ப்பவர்கள், விலை படிந்த பிறகு மாட்டை வண்டியில் ஏற்றுவதைப் பார்ப்பதில்லை. கொடுமை அங்கேதான். ஏற ஒரு மேடு இருக்காது. வாலை முறுக்கி, கண்ணில் மிளகாய் தேய்த்து, கயிற்றைப் போட்டு இழுத்துத் தாவ வைப்பார்கள். கால் முறிவது பெரும்பாலும் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். சந்தையை ஏலம் விடுவது ஊராட்சியோ ஒன்றியமோதான். சுங்கம் வசூலிக்கிறார்கள் அல்லவா? அந்தக் காசில் வண்டி உயரத்துக்கு ஒரு மண்மேடு, இரண்டு தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் நிழல் கேட்பதில் தவறே இல்லை. ஜேசிபி ஒரு மணி நேரம் ஓடினால் மேடு தயார். வியாபாரிகளும் எதிர்க்க மாட்டார்கள், கால் முறிந்த மாட்டால் அவர்களுக்கும் நஷ்டம்தான். யாரும் எதிர்க்காத கோரிக்கையிலிருந்து தொடங்குவது கோழைத்தனம் இல்லை. அது ஒன்று நடந்துவிட்டால், அடுத்ததைக் கேட்கும்போது காது கொடுப்பார்கள்.

லாரியில் போகும் மாடுகள் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து கேரளாவுக்கு நம் நெடுஞ்சாலை வழியாகத்தான், தொப்பூர் கணவாய் இறங்கி, அடிமாடு போகிறது. விலங்குகளைக் கொண்டு செல்வதற்கான 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு சரக்கு வண்டியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, பயணத்துக்கு மாடு தகுதியானது என்று கால்நடை மருத்துவர் சான்று இருக்க வேண்டும், கூட ஒரு ஆள் இருக்க வேண்டும். இதை மீறிய வண்டியைப் பார்த்தால் பைக்கில் துரத்தி வழிமறிக்காதீர்கள். அது உங்கள் உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. இதை மாட்டுப் பிரச்சினையாக ஆரம்பித்து சாதிப் பிரச்சினை, மதப் பிரச்சினையாக மாற்றக் காத்திருப்பவர்களும் உண்டு, அவர்களோடு ஒரே வண்டியில் ஏறாதீர்கள். வண்டி எண், நேரம், போகும் திசை, எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்பதைக் குறித்து 100க்குச் சொல்லுங்கள். அடுத்த சோதனைச்சாவடியில் நிறுத்துவது அவர்கள் வேலை.

இப்போது எழுதிக் கொடுக்கிற பாதி. இதற்குச் சட்டத்தின் பலமும் பலவீனமும் தெரிய வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் நீளமான பட்டியல் இருக்கிறது: அடிப்பது, அதிகச் சுமை ஏற்றுவது, வேலைக்கு லாயக்கில்லாத மாட்டை வேலைக்கு விடுவது, வலிக்கும்படி தூக்கிச் செல்வது, நாள் முழுக்கக் குட்டைக் கயிற்றில் கட்டிப்போடுவது, தீனி தண்ணீர் இல்லாமல் விடுவது, வளர்த்ததைத் தெருவில் கைவிடுவது. எல்லாம் குற்றம். தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். எந்தக் காலத்திலோ போட்ட தொகை இது. மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. போதாக்குறைக்கு, இந்தப் பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு நீதிமன்ற உத்தரவில்லாமல் போலீசார் தாங்களாக வழக்குப் பதிய முடியாது. ஸ்டேஷனில் உங்களை அலட்சியமாகப் பார்த்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொன்றால், விஷம் வைத்தால், ஊனமாக்கினால் கதை வேறு. பாரதிய நியாய சம்ஹிதா 325ஆவது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. இது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பழைய இ.பி.கோ. 428, 429க்குப் பதிலாக வந்தது. இதில் போலீசார் நேரடியாக வழக்குப் பதியலாம். ஆகவே தெருநாய்க்கு விஷம் வைத்துக் கொன்றார்கள், மாட்டின் காலை வெட்டினார்கள் என்றால் மனுவில் இந்தப் பிரிவை எழுதுங்கள். "கொடுமை செய்தார்கள், நடவடிக்கை எடுக்கவும்" என்று பொதுவாக எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், எந்தப் பிரிவு, இவ்வளவு போதும். ஒரே பக்கத்தில் முடியுங்கள். செத்த விலங்கைப் புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் விஷ வழக்கு நிற்காது. மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வரக்கூடாது. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னொரு ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு பேராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

ஜல்லிக்கட்டு மாதிரி நம் பக்கத்தில் காளைகளை ஓட விடும் எருது விடும் விழா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் பக்கத்தில் அதை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. எனக்கு அந்த விழா மேல் பகை இல்லை. விழாக் காளைக்குக் கிடைக்கிற பருத்திக்கொட்டையும் நீச்சலும் நம் ஊரில் எந்தப் பால்மாட்டுக்கும் கிடைப்பதில்லை. நோவு வருவது அந்த ஒரு நாளில்தான். 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. நடக்கலாமா கூடாதா என்ற விவாதம் இப்போதைக்கு முடிந்தது. எப்படி நடக்க வேண்டும் என்பதில் பேச நிறைய இடம் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதும் கூட்டம் நெடுஞ்சாலையை மறித்தது, கல்வீச்சு வரை போனது. அப்படிப்பட்ட காலை நேரத்தில் போய் "காளைக்கு வலிக்கும்" என்று சொல்கிறவரை ஊரே எதிரியாகப் பார்க்கும். மார்கழியிலேயே, விழாக் கமிட்டி கூடும்போதே, உங்கள் ஊர்ப் பெரியவர் யாராவது ஒருவர் மூலமாகப் பேசுங்கள். கேட்க வேண்டியவை எல்லாம் விதியிலேயே இருப்பவைதான்: காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், சாராயம் ஊற்றக்கூடாது, கண்ணில் மிளகாய்ப்பொடி கூடாது, வாலைக் கடிப்பதோ முறுக்குவதோ கூடாது, தண்ணீரும் நிழலும் வேண்டும். இவற்றோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். ஓடி முடித்த காளை எங்கே போய் நிற்கும்? கூட்டம் துரத்தத் துரத்த அது ரோட்டுக்கோ, ரயில் பாதைக்கோ, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கோதான் போகும். ஓட்டம் முடியும் இடத்துக்கு அப்பால் அகலமாக ஒரு பட்டி அடைத்து வையுங்கள் என்று சொன்னால், மாட்டுக்காரர்தான் முதல் ஆளாகத் தலையாட்டுவார். லட்ச ரூபாய் காளையைக் கிணற்றில் விட யாருக்கு ஆசை?

கிணறு என்றதும் யானை ஞாபகம் வருகிறது. 2020 நவம்பரில் பஞ்சப்பள்ளி பக்கம் ஒரு யானை விவசாயக் கிணற்றில் விழுந்தது. மயக்க ஊசி போட்டு, கிரேன் வைத்துத் தூக்கினார்கள். 2023 மார்ச்சில் பென்னாகரம் பகுதியில் ஒரு குட்டி விழுந்தது. அதைக் காப்பாற்றித் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள், அந்த மாதமே அது இறந்தது. நாயும் ஆடும் விழுவது செய்தியாகக்கூட வருவதில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத பாழுங்கிணறுகளைப் பட்டியல் எடுத்துக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. குழந்தைகளும் விழுகிற கிணறுகள்தான் அவை, யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். தீர்மானத்தில் எழுதியிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். பேசியது எல்லாம் எழுதப்படுவதில்லை.

யானைக்குக் கிணற்றைவிடப் பெரிய எமன் கரண்ட். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே பயிர்க்காவலுக்குப் போட்ட திருட்டு மின்வேலியில் சிக்கி ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பித்து, செத்த யானைகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. நிலத்துக்காரர் கைதானார். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்ததுதான், உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த வேலியைப் பற்றி முன்னாலேயே ஒருவருக்குமா தெரியாமல் இருந்திருக்கும்? அக்கம்பக்கத்து நிலத்தில் கம்பி இழுத்தால் ஊரில் தெரியாமல் இருக்காது. சொன்னால் பகை வரும் என்றுதான் எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள்.

பகை வராமல் சொல்லவும் வழி இருக்கிறது. வேலிக்காரரிடம் யானையைப் பற்றிப் பேசாதீர்கள். கேழ்வரகு பால் பிடிக்கும் நேரத்தில் விடிய விடியப் பரண் மேல் உட்கார்ந்து காவல் காத்தவரிடம் யானையின் உரிமையைப் பேசினால் எரிச்சல்தான் வரும், அதில் நியாயமும் உண்டு. அவருக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்ட கம்பி யானையை மட்டும் பார்த்துக் கொல்லாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துப் பையனும் அதில்தான் சாவான். யானை செத்தால் வன உயிரினச் சட்டப்படி மூன்றிலிருந்து ஏழு ஆண்டு வரை சிறை. இரண்டு, சட்டப்படியான சூரிய மின்வேலி வேறு மாதிரி வேலை செய்யும். அது பேட்டரியிலிருந்து விட்டு விட்டு, கண நேரத் துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். தொட்டால் உதறிப் போடும், உயிர் போகாது. தமிழ்நாடு அரசு 2023இல் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கென்று விதிகள் கொண்டுவந்திருக்கிறது. வேலி போட மானியம் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் விசாரித்து அந்தத் தகவலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையில் மாற்று வழியோடு போகிறவரை யாரும் விரட்டுவதில்லை. அப்படியும் கேட்காமல் கொக்கி போட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், எண் 94987 94987. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்கும் இதே எண்தான். ஏரிக்கரை மேட்டில் ஏறுகிற யானைக்குத் தும்பிக்கையைத் தூக்கினால் கம்பி எட்டிவிடும்.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயும், அதாவது தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியும், இதே வகைதான். வாயில் வெடித்தால் யானையோ மாடோ பட்டினி கிடந்துதான் சாகும். வைக்கிறார்கள் என்று தெரிந்தால் வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள், உங்கள் பெயரை வெளியே விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். யானைக் கூட்டம் சானமாவு பக்கமோ நம் பக்கமோ வந்துவிட்டால் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, உங்கள் மாணவர்களை செல்போனோடு அங்கே போகவிடாமல் தடுப்பது. கூட்டம் கத்தினால் யானை தப்பான திசையில் ஓடுகிறது, அடுத்த ஊரில் ஆள் சாகிறான். காவிரி வடக்கு சரணாலயம் 2014இலும் காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்ட பிறகு இந்தக் காடுகள் கர்நாடகத்தின் பன்னேர்கட்டாவிலிருந்து மலை மாதேஸ்வரா வரை சேர்ந்தாற்போல் பாதுகாப்பில் வந்திருக்கின்றன. யானைக்கு எல்லைக் கல் தெரியாது, ராகி அறுவடை மட்டும் தெரியும். ஆகவே வருஷா வருஷம் வரத்தான் செய்யும்.

சரி, நாய். இதில்தான் அதிகச் சண்டை வரும், அதனால் கவனமாகச் சொல்கிறேன். சோறு போடுவது நல்ல காரியம். ஆனால் சோறு மட்டும் போட்டு, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்யாமல் விட்டால், இரண்டு வருடத்தில் உங்கள் தெருவில் நாய்கள் பெருகி, யாரோ ஒருவர் விஷம் வைப்பார். சோறு போடும் இடத்தை மாற்றாதீர்கள். பள்ளி வாசல், கடைத்தெரு, குழந்தைகள் விளையாடும் இடம் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், ஒரே நேரத்தில் வைத்து, மிச்சத்தை வாரிவிடுங்கள். 2023ஆம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளிலும் உணவுக்கென்று தனி இடம் ஒதுக்கச் சொல்லித்தான் இருக்கிறது. பிடித்த நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது பொது விதி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் வெறிநாய், கடிக்கிற நாய் தவிர மற்றவற்றுக்கு அதையே சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றி, திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் உத்தரவிட்டது. நீங்கள் பள்ளியில் இருப்பதால் இந்த இரண்டாவது உத்தரவு உங்களை நேராகத் தொடும். வளாகத்து நாயைக் கல்லெறிந்து விரட்டும் முன், அதை எங்கே, எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்க வேண்டிய ஆளும் நீங்கள்தான்.

நாய்க்காகப் பேசுகிறவருக்குக் கடி பற்றித் தெரியாவிட்டால் ஊர் மதிக்காது. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனையில் ஊசி, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில். இதை வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். அடி விழும் என்று பயந்து கடியை வீட்டில் மறைக்கிற பிள்ளைகள் வெறிநோயில் மாட்டிக்கொள்ளக்கூடும். அதோடு சாப்பிடும் நாயை, குட்டி போட்ட நாயை நெருங்கக்கூடாது, துரத்தினால் ஓடக்கூடாது என்பதையும் சொல்லுங்கள். கடி குறைந்தால் நாய் மேல் விழும் கல்லும் குறையும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் வழக்கமாக இலவச ஊசி முகாம் நடக்கும். வளர்ப்பு நாய்களைப் பிள்ளைகள் மூலமாகவே வரச்செய்யலாம்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கூண்டில் பச்சைக்கிளி, அதிர்ஷ்டத்துக்கென்று நட்சத்திர ஆமை வளர்ப்பது இரண்டுமே வன உயிரினச் சட்டப்படி குற்றம். பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் வனத்துறையில் ஒப்படைத்துவிடுவார்கள். ஒகேனக்கல் போகும்போது குரங்குக்கு முறுக்கு நீட்டாதீர்கள், அடுத்த வண்டியை எதிர்பார்த்து அது ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கோழிக்கடைக்குப் பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழி வருகிறதே, அது வலிக்கும்படி கொண்டுபோவது என்ற பிரிவில் நேராக வரும். கடைக்காரர் உங்களை வாடிக்கையாளராகத்தான் பார்ப்பார், "கூடையில கொண்டாந்தாதான் வாங்குவேன்" என்று சொல்கிற உரிமை உங்களுக்கு உண்டு. கறி சாப்பிடலாமா கூடாதா என்று கேட்டால், அது உங்கள் முடிவு. ஆனால் கிடா வெட்டுகிற ஊரில் இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் மண்மேடும் தண்ணீர்த் தொட்டியும் கேட்க உங்களுக்கு ஆள் மிஞ்ச மாட்டார்கள். விருந்தில் பேச வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

அடிபட்டுக் கிடக்கும் மாடோ நாயோ பார்த்தால் 1962. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான எண் இது. கூப்பிடும்போது ஊர்ப் பெயரோடு மைல்கல், பக்கத்துக் கோயில், பள்ளி என்று அடையாளம் சொல்லுங்கள். நம் பக்கத்தில் ஒரே பெயரில் நாலு கொட்டாய் (குக்கிராமம்) இருக்கும். வண்டி வரும் வரை அதற்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் இருந்தால் புரையேறிவிடும். சாக்குப் போட்டு மூடி, கூட்டத்தை விலக்கினால் போதும்.

கடைசியாக ஒன்று. மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதி சொல்கிறது. நம் மாவட்டத்தில் அது எப்போது கடைசியாகக் கூடியது, உறுப்பினர் யார் யார், எத்தனை புகார் வந்தது, என்ன செய்தார்கள் என்று ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். முகவரி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். சங்கம் பெயரளவுக்குத்தான் இருக்கிறது என்று தெரிந்தால், உறுப்பினராகச் சேர உங்கள் பெயரையே மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.